ஓடாத படகில் மூன்று மாதம்

தண்ணீரே இல்லாத ஓர் அறையில் நான் மூன்று மாதம் படகு ஓட்டியிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல் நாள் அந்த யந்திரத்தைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெண்ணந்தூருக்கு மேற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஒரு ஜோடி எருது. ராகியும் மிளகாயும் போடுவோம். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதைக் கவலை இறைப்பது என்போம். சால் என்கிற பெரிய தோல்பையை ஒரு தடித்த வடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, வடத்தின் மறுமுனையை நுகத்தில் பூட்டி, எருதுகளைச் சரிவில் இறக்கினால் சால் நிறைந்து மேலே வரும். ஓட்டுகிறவன் அப்போது வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவன் கனமும் சேர்ந்தால் எருதுகளுக்கு இழுப்பது லேசாகும். சால் தண்ணீரைக் கொட்டியதும், எருதுகள் திரும்பாமல் அப்படியே பின்னால் நடந்து மேடேற வேண்டும். காலையிலிருந்து உச்சிவரை இதுதான். இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. மீசை முளைக்கும் முன்பிருந்து நான் அதைச் செய்துவந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, சலிப்புத்தான் உண்டு.

ஒரு புரட்டாசியில் வடம் அறுந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். பாதிச் சரிவில் மல்லாக்க விழுந்தேன், முதுகுக்கு அடியில் ஒரு கல். எருதுகள் கொஞ்ச தூரம் ஓடிப்போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தன. அவற்றைத் திட்டக்கூட எனக்கு மூச்சு வரவில்லை.

எலும்பு கட்டுகிறவர் வந்தார். முட்டையும் உளுந்தும் குழைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். மார்கழி வரை படுத்துக்கிடந்தேன். எலும்பு கூடிவிட்டது என்று அவர் கட்டை அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, எலும்பு கூடினாலும் முதுகு கூடவில்லை. எழுந்து நின்றால் கால் நடுங்கியது. கால்மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும்.

வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால் ஊரில் இருந்த திடமான ஆண்கள் எல்லாரும் அணை வேலைக்குப் போய்விட்டார்கள். ஐப்பசி மழை நின்று மண் காயத் தொடங்கியதும், ஒரு நாள் காலை அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எருதுகளை அவிழ்த்துக் கிணற்றுக்கு ஓட்டிப்போனாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், பிறகு பயிர் காய்வதைப் படுத்தபடி பார்த்திருப்பேன். படுத்த இடத்திலிருந்து, கிணற்றுமேட்டில் வடம் ஓடுகிற உருளையின் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். முதலில் விட்டு விட்டுக் கேட்டது. பத்து நாளில் ஒழுங்காகக் கேட்டது. அந்த ஒழுங்கு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

தை பிறந்ததும் பாரவண்டி ஒன்றில் வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்கவைத்துச் சேலத்துக்கு அனுப்பினாள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மிளகாயை வாங்குகிற மண்டிக்காரர் கடைக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். புளி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில். அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு டாக்டர் வீடு. சீமையில் படித்து வந்தவர். முதுகை அழுத்திப் பார்த்தார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். "எலும்பு நல்லா இருக்கு. சதைதான் வேலையை மறந்துபோச்சு. மூணு மாசம் பழக்கினா நீங்க மறுபடியும் கிணத்துக்குப் போகலாம்" என்றார்.

மூன்று மாதம். தை, மாசி, பங்குனி. அதாவது வெயில் ஏறிக் கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போகிற மாதங்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் கிணற்றடியை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும், நான் வடத்தில் ஏற வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

டாக்டர் வீட்டின் பின்னறையில் இருந்தது அந்தப் படகு யந்திரம். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கிளம்பும்போது ஏலத்தில் விட்டதாம். ஆள் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம். அதில் இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன்மேல் சின்னச் சக்கரங்களில் முன்னும் பின்னும் ஓடுகிற ஓர் இருக்கை. இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி கைப்பிடிகள், அவற்றின் அடியில் எண்ணெய் அடைத்த குழாய்கள். இழுத்தால் குழாய் பெருமூச்சு விடும். முன்னால் கால் வைக்க ஒரு சாய்ந்த பலகை. அவ்வளவுதான். எவ்வளவு இழுத்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டாக்டருக்கு நோயாளிகள் ஓயாமல் வருவார்கள். ஆகவே என்னைக் கவனிக்கும் பொறுப்பு கம்பவுண்டருக்கு. என் வயதுதான் அவருக்கும். ஒல்லியான ஆள், மூக்குப்பொடிக்காரர். பிறந்ததிலிருந்து படகில் ஏறியதில்லை. யந்திரத்தோடு வந்த ஒரு காகிதத்தை அவர் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இதே யந்திரத்தில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தான். மூன்று படம். மூன்றிலும் சிரிப்பு.

"தோட்டத்துக்காரரே, அவரு பல்லைக் காட்டிக்கிட்டு இழுக்கறாரு. நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கறீங்க. அங்கதான் தப்பு" என்பார் கம்பவுண்டர்.

எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் தப்பு எங்கேயோ இருக்கிறது என்பது உண்மைதான். காலையில் நாற்பது இழுப்பு, மாலையில் நாற்பது இழுப்பு என்பது கணக்கு. பதினைந்தாவது இழுப்பிலேயே இடுப்புக்கு மேலே ஒரு கம்பியைச் செருகினாற்போல் வலிக்கும். வடத்தில் உட்கார்ந்து பழகிய உடம்பு என்னுடையது. வடத்தில் உட்காருகிறவனுக்குக் கால் அந்தரத்தில் தொங்கும், கனத்தை எல்லாம் பின்னால் சாய்த்து விட வேண்டும், கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இங்கேயும் அதையே செய்தேன். காலைச் சும்மா வைத்துக்கொண்டு முதுகைச் சாய்த்துக் கையால் இழுத்தேன். டாக்டர் கதவோரம் எட்டிப் பார்த்து, "காலால தள்ளுங்க, காலால" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் "ஆகட்டுங்க" என்பேன். தள்ள மாட்டேன்.

ஏன் தள்ளவில்லை என்பதை இப்போது சொன்னால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கால்பலகையின் நடுவில், சரியாகப் பாதம் அழுந்த வேண்டிய இடத்தில், ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது. அதில் எழுத்து. இங்கிலீஷ் எழுத்து, செய்தவன் பெயரோ ஊரோ, எனக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தது நாலாவது வரை. ஆனால் எழுத்து எழுத்துத்தானே. சிலேட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த காலை, அதன்மேல் வைத்து உதை என்றால் எப்படி உதைக்கும்? ஆகவே இரண்டு பாதத்தையும் அகற்றிப் பலகையின் ஓரங்களில் கட்டைவிரலை மட்டும் ஊன்றிக்கொள்வேன். தினமும் ஏறும் முன் தகட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவேன். கம்பவுண்டர் அதைப் பார்த்து, "நல்ல பழக்கம்" என்று பாராட்டவும் செய்தார். சுவரில் இருந்த வெள்ளைக்காரனின் பாதத்தை யந்திரத்தின் சட்டம் மறைத்திருந்தது. அவன் எங்கே மிதிக்கிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மாசி பிறந்து சில நாளில் எங்கள் ஊர் வண்டிக்காரர் ஒருவர் மண்டிக்கு மூட்டை இறக்க வந்தார். என்னைப் பார்க்க அறைக்குள் வந்து, சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஊட்டுக்கார அம்மிணி வடத்துமேல ஏறி உக்காந்துதான் எறைக்குது. தண்ணி கீழ போயிருச்சு, மாடு இழுக்க மாட்டேங்குது, அது என்ன பண்ணும். ஆனா ஊருல நாலு பேரு நின்னு பாக்கறாங்க, சிரிக்கறாங்க. உங்க காதுல போட்டு வெக்கோணுமில்லீங்களா, அதான்."

எங்கள் பக்கத்தில் பெண்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுவார்கள், களை எடுப்பார்கள், நாற்று நடுவார்கள். வடத்தில் உட்கார மாட்டார்கள். வண்டிக்காரர் போனதும் எழுந்து நேரே டாக்டர் வீட்டுக்குப் போனேன். கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தார். யந்திரத்தில் ஏறி உட்கார்ந்து இழுத்தேன். எண்ணவே இல்லை. நின்று பார்த்தவன்களையும், சிரித்தவன்களையும், அறுந்த வடத்தையும், என் முதுகையும் சேர்த்து இழுத்தேன். நூறுக்கு மேல் போயிருக்கும். அப்புறம் இடுப்புக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. இருக்கையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தேன்.

கம்பவுண்டர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பத்து நாள் மறுபடியும் படுக்கை. புளி வாசனையில், மேலே ஓட்டுச் சந்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இத்தனை நாள் செய்ததெல்லாம் வீண். அவளுக்கு உதவ வேண்டும் என்று அவசரப்பட்டு, அவள் வடத்தில் இருக்கப்போகிற நாட்களை நானே நீட்டிவிட்டேன். அந்தப் பத்து நாளில் என்னை நான் வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் எப்போதும் வெறுத்ததில்லை.

திரும்ப யந்திரத்தில் உட்கார்ந்த அன்று டாக்டர் தானே கூட வந்தார். "மெதுவா பத்து இழுங்க, பாக்கறேன்" என்றார். ஐந்தாவது இழுப்பில் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தரையில் முழங்காலிட்டு என் பாதத்தைப் பார்த்தார்.

"ஏன் காலை இப்படி வாத்து மாதிரி வெச்சிருக்கீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. கம்பவுண்டர்தான் சொன்னார்: "எழுத்து இருக்குங்களே சார், அதுல எப்படி மிதிப்பாரு?" இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பதைப் போல அவர் முகம் இருந்தது.

டாக்டர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணரை மாசமா காலே இல்லாம இழுத்திருக்காரு. முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கம்பவுண்டரைப் பார்த்துச் சொன்னார். ஒரு சாக்குத் துண்டை எடுத்துத் தகட்டின்மேல் போடச் சொன்னார். போட்டார்கள். காலை வைத்தேன். அழுந்தவில்லை. சாக்குக்கு அடியில் எழுத்து இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிந்திருந்தது.

"இல்லீங்க, வர மாட்டேங்குதுங்க" என்றேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டுத் திருப்புளி கொண்டுவரச் சொன்னார். திருகாணிகள் துருப்பிடித்து அசையவில்லை. தெருக்கோடியில் பாத்திரம் தட்டுகிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் உளி வைத்துத் தட்டித் தகட்டைப் பெயர்த்தார். பலகையில் நாலு ஓட்டையும் ஒரு வெளிறிய தடமும் மிஞ்சின. கம்பவுண்டர் தகட்டைத் துடைத்துச் சுவரில், அந்த வெள்ளைக்காரன் தலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். மறுநாள் பார்த்தால் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

அன்றுதான் முதன்முதலாக இரண்டு பாதத்தையும் பலகையில் முழுக்கப் பதித்தேன். உதைத்தேன். இருக்கை சர்ரென்று பின்னால் ஓடியது, கைப்பிடி தானாக வந்த மாதிரி வந்தது, முதுகில் வலியே இல்லை. என் தொடைகள் இத்தனை நாள் எங்கே போயிருந்தன என்று தோன்றியது. இவ்வளவு சின்ன விஷயம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தை மாதத்திலேயே முடிந்திருக்கும். சொல்லத் தோன்றவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. டாக்டர் வரிசையைச் சொல்லிக்கொடுத்தார். தள்ளும்போது முதலில் கால், அடுத்தது முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது முதலில் கையை நீட்ட வேண்டும், அப்புறம் முதுகைக் குனிய வேண்டும், கடைசியில் முழங்காலை மடக்க வேண்டும். நான் தள்ளுவதைச் சரியாகச் செய்துவிட்டுத் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓடுவேன். முழங்கால் முன்னால் வந்துவிடும், கை அதில் இடிக்கும், மூச்சு தப்பும். ஒரு நாள் மாலை, இருபதாவது இழுப்போ என்னவோ, களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். அப்போது எனக்கே ஒன்று பிடிபட்டது. சால் கிணற்றுக்குள் இறங்குகிற நேரத்தை யாராவது விரட்டுவார்களா? விரட்டினால் சால் நிறையாமல் வரும். அதன் போக்கில் இறங்க விட வேண்டும். அதன் பிறகு ஒரு மூச்சில் தள்ளி, இரண்டு மூச்சில் திரும்பினேன். நாற்பது இழுப்பு முடிந்ததும் இன்னும் கொஞ்சம் செய்யலாம் போலிருந்தது. செய்யவில்லை. எனக்குப் புத்தி வந்திருந்தது.

பங்குனி ஆரம்பத்தில் அதே வண்டிக்காரரோடு என் மனைவி வந்தாள். மிளகாய் மூட்டையின்மேல் உட்கார்ந்து வந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய்க் கறுத்திருந்தாள். நான் அவளை நேரே யந்திரத்தின் அறைக்குக் கூட்டிப்போனேன். நான் கற்றதை அவள் பார்க்க வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி எனக்கு ஆசை. அவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் நாற்பதும் இழுத்தேன், ஒன்று பிசகாமல்.

முடித்துவிட்டு, "எப்படி?" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது. இம்புட்டு இழுத்தும் ஒரு சொம்புத் தண்ணி வரலீங்களே" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கம்பவுண்டர் பொடி போடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்திருந்தது. ஊரில் சிரித்தவர்களைப் பற்றிக் கேட்டேன்.

"சிரிச்சாங்க. அப்பறம் சலிச்சுப்போயி உட்டுட்டாங்க. அத உடுங்க. இன்னும் எத்தன நாளுங்க?"

"இருபத்தஞ்சு நாளு அம்மிணி. அப்பறம் நீ கெணத்துப் பக்கமே வரவேண்டாம். ஊட்டுல உக்காந்து நிம்மதியாச் சோறு தின்னு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். இருபத்தைந்தும் எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

இருபத்தைந்தாவது நாள் டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்து, "போகலாம்" என்றார். கம்பவுண்டர் வாசல்வரை வந்தார். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை, கும்பிட்டேன். பஸ்ஸில் வந்து இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனேன். நடக்க முடிகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வழியெல்லாம் நாளைக் காலையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். நான் வடத்தில் உட்காருவேன், அவள் வீட்டில் இருப்பாள்.

மறுநாள் காலை அவள் நெல்லுச்சோறு ஆக்கினாள். எங்கள் வீட்டில் அது பொங்கல் மாதிரி நோம்பிக்கு மட்டும்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்திருந்தாள். "நீ உக்காந்து தின்னு. நான் எறைச்சுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

சாலைக் கிணற்றுக்குள் இறக்கினேன். வடத்தில் ஏறி உட்கார்ந்தேன். எருதுகள் சரிவில் இறங்கின. முதுகு வளையவில்லை, நடுங்கவில்லை. சால் மேலே வந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இறங்கி, எருதுகளைப் பின்னால் வரச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

அவை வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன், என் பழைய குரலில், எட்டுக் காடு கேட்கிறாற்போல். இரண்டும் காதை விடைத்துக்கொண்டு நின்றன. இடப்பக்கத்து எருது நான் சேலத்தில் இருந்தபோது அவள் சந்தையில் மாற்றிப் பிடித்தது. அது என் குரலைக் கேட்டதே இல்லை. வலப்பக்கத்தது பழசு, ஆனால் ஜோடி நகராமல் அது நகராது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தள்ளினேன். தலையை உதறின. எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம், புளி மூட்டை, பித்தளைத் தகடு, எல்லாம் இதற்குத்தானா என்று வந்தது. குச்சியை எடுத்து இடத்து எருதின் முகத்தில் அடித்தேன். அது துள்ளியது, வடம் இழுபட்டுச் சால் கிணற்றுச் சுவரில் மோதியது.

உருளைச் சத்தம் நின்றது வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் ஓடி வந்தாள். வலது கையில் சோற்றுப் பருக்கை அப்படியே ஒட்டியிருந்தது. இடது கையால் என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினாள்.

"அடிக்காதீங்க. அது நல்ல மாடுங்க. கத்துனா அதுக்குப் பயமுங்க."

எருதுகளுக்கு முன்னால் போய் நின்று, இடது கையை அதன் மூக்கில் வைத்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டி மெல்ல ஒரு சத்தம் எழுப்பினாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே சீராகப் பின்னால் நடந்து மேடேறின.

வயல்காட்டில் ஒரு பெண் குரலை உயர்த்திக் கத்தினால் ஊர் திரும்பிப் பார்க்கும். அதனால் அவள் கத்தாமலே அவற்றைப் பழக்கியிருந்தாள். அந்தச் சத்தத்தை எழுப்பிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது எச்சில்தான். அவள் குச்சியைத் தூரப் போட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க உக்காருங்க. நான் முன்னால நடக்கறேன்" என்றாள்.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான் இறைத்தோம். நான் வடத்தில், அவள் எருதுகளின் முன்னால். அவள் என்னைப் போல உட்காரக்கூட இல்லை, ஒவ்வொரு நடையும் சரிவில் இறங்கி, பின் ஏறினாள். முன்பு ஒருத்திக்கு வேலை, இப்போது இரண்டு பேருக்கும். என் முதுகு ஒரு தரமும் வலிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எருதுகள் என் சத்தம் கேட்டுப் பின்னோக்கி நடக்கச் சித்திரை முழுதும் ஆயிற்று. அதுவரை அவள் ஒரு நாளும் வீட்டில் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அந்த முதல் நாள் உச்சிவேளைதான். எருதுகளைக் கட்டித் தண்ணி காட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். காலையில் பிசைந்து விட்டுப்போன சோறு வட்டிலில் காய்ந்து கிடந்தது. அதைக் கொட்ட மனமில்லாமல் அதிலேயே மோர் ஊற்றிப் பிசைந்திருக்கிறாள். இரண்டு வாய் தின்றிருப்பாள். சுவரில் சாய்ந்து, கை வட்டிலுக்குள் இருக்க, தூங்கிப்போயிருந்தாள்.

எழுப்பினால் சாப்பிடுவாள், பிறகு எழுந்து மறுபடி ஏதாவது வேலையைப் பார்ப்பாள். எழுப்பாவிட்டால் பட்டினி. வட்டிலை மெதுவாக நகர்த்தி, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து விரல் விரலாகக் கழுவிவிட்டேன். அவள் விழிக்கவில்லை.